கோடி ரூபாய் மைக்ராஸ்கோப்பும் நம் ஊர்ப் பிள்ளைகளும்



மோகனூரிலிருந்தும் சுற்றுவட்டார ஊர்களிலிருந்தும் நம் பிள்ளைகள் நாமக்கல், சேலம், கரூர், திருச்சி என்று பல இடங்களுக்குப் போய்ப் படிக்கிறார்கள். விலங்கியல், தாவரவியல், நுண்ணுயிரியல், உயிர்த் தொழில்நுட்பம், கால்நடை மருத்துவம், மருத்துவ ஆய்வகப் படிப்பு என்று பாடங்கள் வேறு வேறாக இருந்தாலும், எல்லாவற்றுக்கும் பொதுவான கருவி ஒன்று உண்டு. அதுதான் மைக்ராஸ்கோப். பாடநூல் அதை நுண்ணோக்கி என்று சொல்கிறது.

ஒரு பல்கலைக்கழகம் கோடிக்கணக்கில் செலவு செய்து நவீன மைக்ராஸ்கோப் வாங்கியது என்ற செய்தியை அவ்வப்போது படிக்கிறோம். படித்ததும் இரண்டு எண்ணங்கள் வரும். ஒரு குழாயும் நாலு கண்ணாடியும் உள்ள கருவிக்கு இவ்வளவு பணமா என்பது ஒன்று. இதெல்லாம் பெரிய இடத்துச் சங்கதி, நம் பிள்ளைக்கு இதில் என்ன பங்கு என்பது மற்றொன்று. இந்தப் பாடம் அந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்ல முயல்கிறது. கல்வி உதவி கொடுப்பவர்களும், உதவி பெறும் மாணவர்களும், அவர்களுடைய பெற்றோரும் சேர்ந்து உட்கார்ந்து படித்தால் பயன் கூடும்.

1. கண்ணுக்கும் எல்லை, லென்ஸுக்கும் எல்லை

ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக வெட்டினால் அதில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். நல்ல பார்வை உள்ளவர் கையருகில் வைத்துப் பார்க்கும்போது, சுமார் 100 மைக்ரான் இடைவெளியில் உள்ள இரண்டு புள்ளிகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க முடியும். அதைவிட நெருங்கினால் இரண்டும் ஒன்றாகிவிடும். நம் இரத்தத்தின் சிவப்பணு சுமார் 7 மைக்ரான் அகலம். காசநோய்க் கிருமியின் நீளம் 2 முதல் 4 மைக்ரான்தான். இவற்றைக் காண லென்ஸ் வேண்டும்.

லென்ஸின் கதையில் நாம் அறிந்துகொள்ள வேண்டிய பெயர் இப்னுல் ஹைதம். கி.பி. 965 வாக்கில் பஸராவில் பிறந்து, 1040 வாக்கில் கெய்ரோவில் மறைந்த அறிஞர். அவர் மைக்ராஸ்கோப் செய்யவில்லை. ஆனால் கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால் பார்க்கிறோம் என்று பலர் நம்பிய காலத்தில், பொருளிலிருந்து ஒளி கண்ணுக்கு வருவதால்தான் பார்க்கிறோம் என்று சோதனைகளோடு எழுதினார். ஒளி கண்ணாடியிலும் நீரிலும் நுழையும்போது எப்படி வளைகிறது என்பதையும் ஆராய்ந்தார். ஏழு பாகங்கள் கொண்ட அவருடைய ‘கிதாபுல் மனாளிர்’ லத்தீனில் மொழிபெயர்க்கப்பட்டு, 1572-இல் பாசெல் நகரில் அச்சாயிற்று. ஐரோப்பியர் அவரை அல்ஹஸன் என்று அறிந்தார்கள். முன்னோர் சொன்னார்கள் என்பதற்காக ஏற்காமல் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று அவர் வலியுறுத்தியதுதான் நம் மாணவர்களுக்கு மிகவும் பயன்படும் செய்தி.

1670-களில் ஹாலந்து நாட்டுத் துணி வியாபாரி லீவன்ஹூக் தம் கையால் தேய்த்த ஒற்றை லென்ஸ் வழியே நுண்ணுயிர்களைக் கண்டார். அதன்பின் லென்ஸ்கள் மேம்பட்டுக்கொண்டே வந்தன. ஆனால் 1873-இல் ஜெர்மனியின் எர்னஸ்ட் அபே ஓர் உண்மையைக் கணக்குப் போட்டுக் காட்டினார். லென்ஸை எவ்வளவு நன்றாகத் தேய்த்தாலும், ஒளியின் அலைநீளத்தில் சுமார் பாதியைவிட நெருக்கமான இரண்டு புள்ளிகளை ஒளி நுண்ணோக்கியால் பிரித்துக் காட்ட முடியாது. பச்சை ஒளியின் அலைநீளம் 0.55 மைக்ரான் அளவு. ஆகவே சாதாரண ஒளி நுண்ணோக்கியின் எல்லை சுமார் 0.2 மைக்ரான்.

2. லென்ஸில் எழுதியிருப்பதைப் படிப்போம்

மாணவர்கள் அடுத்த முறை ஆய்வகத்துக்குப் போகும்போது, சிலைடுக்கு அருகில் இருக்கும் லென்ஸின் பக்கவாட்டைப் பாருங்கள். 10/0.25, 40/0.65, 100/1.25 என்பது போல எழுதியிருக்கும். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது. இரண்டாவது எண் லென்ஸ் எவ்வளவு அகலமான கோணத்திலிருந்து ஒளியை வாங்கிக்கொள்கிறது என்பதைக் குறிக்கும். இதை நியூமெரிக்கல் அப்பெர்ச்சர் என்பார்கள். விலையையும் தரத்தையும் பெரும்பாலும் தீர்மானிப்பது இந்த இரண்டாவது எண்தான்.

கணக்கு எளிது. 0.55-ஐ இரண்டாவது எண்ணின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். 10/0.25 லென்ஸுக்கு விடை 1.1 மைக்ரான். 40/0.65 லென்ஸுக்கு 0.42 மைக்ரான். 100/1.25 லென்ஸுக்கு 0.22 மைக்ரான். இந்த இடைவெளிக்குக் கீழே உள்ள இரண்டு புள்ளிகளை அந்தந்த லென்ஸ் பிரித்துக் காட்டாது. இதற்குப் பிரிதிறன் என்று பெயர்.

கடைக்காரர் “சார், இது இரண்டாயிரம் மடங்கு பெரிதாக்கும்” என்று சொன்னால் மயங்க வேண்டியதில்லை. 100 மடங்கு லென்ஸோடு கண்ணருகில் 10 மடங்கு லென்ஸுக்குப் பதில் 20 மடங்கு லென்ஸை மாட்டினால் இரண்டாயிரம் வந்துவிடும். படம் பெரிதாகும், ஆனால் புதிதாக ஒரு விவரமும் தெரியாது. மங்கலான புகைப்படத்தைப் பெரிய அளவில் பிரிண்ட் போட்டால் மங்கல்தான் பெரிதாகும் அல்லவா, அது போலத்தான்.

100 மடங்கு லென்ஸுக்கு ஏன் எண்ணெய் விடுகிறோம் என்று பல மாணவர்கள் கேட்பதில்லை. கண்ணாடியிலிருந்து காற்றுக்கு வரும்போது ஒளி அதிகமாக வளைந்து சிதறிப்போகும். கண்ணாடிக்கு இணையாக ஒளியை வளைக்கும் எண்ணெய் இடையில் இருந்தால் அந்த ஒளியும் லென்ஸுக்குள் வந்து சேரும். லென்ஸில் 0.17 என்று இன்னொரு எண்ணும் இருக்கும். அது சிலைடை மூடும் கவர் ஸ்லிப்பின் தடிமன், மில்லிமீட்டரில். தடிமன் மாறினால் நல்ல லென்ஸும் மங்கலாகத்தான் காட்டும். கோடி ரூபாய்க் கருவி ஒன்றைச் சில ரூபாய்க் கண்ணாடித் துண்டு தோற்கடித்துவிட முடியும்.

3. நவீன மைக்ராஸ்கோப் கூடுதலாக என்ன செய்கிறது?

உயிருள்ள செல் பெரும்பாலும் நிறமற்றது. சாயம் போட்டால் பல நேரம் செத்துப்போகும். சாயம் போடாமலே செல்லின் உட்பகுதிகளை வெளிச்சமும் நிழலுமாகக் காட்டும் முறையை நெதர்லாந்தின் செர்னிகே உருவாக்கினார். அதற்காக 1953-இல் அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

அடுத்தது ஒளிர்வு நுண்ணோக்கி. சில சாயங்கள் நீல ஒளியை வாங்கிப் பச்சை ஒளியாகத் திருப்பித் தரும். அப்படிப்பட்ட சாயத்தைச் செல்லின் ஒரு குறிப்பிட்ட பொருளோடு மட்டும் ஒட்டவைத்தால், இருண்ட பின்னணியில் அந்தப் பொருள் மட்டும் விளக்குப் போல் தெரியும். கடல் ஜெல்லி மீனிலிருந்து எடுத்த பச்சை ஒளிர்வுப் புரதத்தை இதற்குப் பயன்படுத்தக் கற்றுக்கொடுத்த மூவருக்கு 2008-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

மூன்றாவது கான்ஃபோகல் மைக்ராஸ்கோப். சாதாரணக் கருவியில் கனமான திசுவைப் பார்த்தால், மேலும் கீழும் உள்ள படலங்களின் மங்கலான வெளிச்சம் நடுவில் கலந்துவிடும். கான்ஃபோகலில் லேசர் ஒளி ஒரு புள்ளி மேல் விழுகிறது. திரும்பி வரும் ஒளியின் பாதையில் ஊசித்துளை ஒன்று இருக்கிறது. கூர்மையாகத் தெரியும் படலத்து ஒளி மட்டும் அதன் வழியே நுழையும், மற்றது தடுக்கப்படும். இப்படிப் படலம் படலமாகப் படம் எடுத்து அடுக்கினால், கத்தி வைக்காமலே திசுவின் முப்பரிமாண உருவம் கிடைத்துவிடும். அமெரிக்காவின் மார்வின் மின்ஸ்கி 1957-இல் இந்த யோசனைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். லேசரும் கணினியும் வளர்ந்த பிறகே அது ஆய்வகங்களில் பரவியது.

அபே சொன்ன 0.2 மைக்ரான் எல்லையையும் ஒளிரும் மூலக்கூறுகளைக் கொண்டு தாண்டியவர்களுக்கு 2014-இல் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இன்னும் நுண்மையாகப் பார்க்க எலெக்ட்ரான் நுண்ணோக்கி இருக்கிறதே என்று கேட்கலாம். அதில் பொதுவாகப் பொருளை வெற்றிடத்தில் வைக்க வேண்டும். உயிரோடு நகரும் செல்லைப் பார்க்க இன்றும் ஒளி நுண்ணோக்கியைத்தான் நாட வேண்டியிருக்கிறது.

லேசர்கள், துல்லியமான லென்ஸ்கள், மங்கிய ஒளியையும் உணரும் கருவி, நடுங்காத மேசை, கணினி, மென்பொருள் எல்லாம் சேர்ந்துதான் விலை கோடியைத் தொடுகிறது.

4. மோகனூர்க் கரும்பு சொல்லும் பாடம்

இதெல்லாம் நம் மண்ணுக்கு என்ன செய்தது? பதில் நம் வயலிலேயே இருக்கிறது. மோகனூர் என்றால் சேலம் கூட்டுறவு சர்க்கரை ஆலை நினைவுக்கு வரும். ஆலைக்குக் கரும்பு போடும் விவசாயிகள் கோ 86032 போன்ற பெயர்களை நன்றாக அறிவார்கள். அந்தக் ‘கோ’ கோயமுத்தூரைக் குறிக்கிறது. 1912-இல் அங்கே தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பிறந்த ரகங்கள் அந்தப் பெயரைத் தாங்குகின்றன.

தடித்த, இனிப்பு மிகுந்த பழைய கரும்பு இனம் நோயைத் தாங்காது. ஆற்றோரம் நாணல் போல் வளரும் காட்டுக் கரும்பில் இனிப்பு இல்லை, ஆனால் தாங்கும் சக்தி உண்டு. பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் கோவையில் இரண்டையும் இணைத்து உருவாக்கிய கோ 205 என்ற ரகம் 1918-இல் வெளிவந்தது. இந்தியக் கரும்பின் வரலாறு அதிலிருந்து திரும்பியது.

இணைத்தபோது உள்ளே நடந்தது என்ன? இதற்கு மைக்ராஸ்கோப் இல்லாமல் விடை இல்லை. இனிப்புக் கரும்பின் செல்லில் 80 குரோமோசோம்கள். 64 குரோமோசோம் உள்ள காட்டுக் கரும்பு வகையோடு அதைச் சேர்த்தால், தாயிடமிருந்து பாதி 40, தந்தையிடமிருந்து பாதி 32, ஆக 72 வர வேண்டும். எண்ணிப் பார்த்தால் 112 இருந்தது. தாய்க்கரும்பு பாதியைக் கொடுக்காமல் முழு 80-ஐயும் கொடுத்துவிட்டது! ஜாவாவில் பணியாற்றிய டச்சு அறிஞர் பிரெமர் 1920-களில் இந்த விந்தையை எண்ணிக் காட்டினார். சில மைக்ரான் நீளமுள்ள நூறு துண்டுகள் ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடக்கும் சிலைடில், ஒன்றுகூட விடாமல் எண்ணுவது எவ்வளவு பொறுமை வேண்டிய வேலை என்று நினைத்துப் பாருங்கள்.

அந்த வேலையைக் கோவையில் செய்தவர்களில் ஒருவர் இ.கே. ஜானகி அம்மாள். 1897-இல் தலச்சேரியில் பிறந்தவர். சென்னை ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தார். பெண்கள் கல்லூரிப் படி ஏறுவதே அரிதாக இருந்த காலத்தில், உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் போய் 1931-இல் முனைவரானார். 1934 முதல் 1939 வரை கோவை நிலையத்தில் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்தார். பிறகு இங்கிலாந்தில் டார்லிங்டனுடன் சேர்ந்து, பயிரிடும் தாவரங்களின் குரோமோசோம்களைத் தொகுத்து 1945-இல் பெரிய நூலாக வெளியிட்டார். 1977-இல் பத்மஸ்ரீ பெற்றார்.

அவர் கையில் இன்றைய கான்ஃபோகல் இல்லை. நல்ல லென்ஸும், சிலைடு தயாரிக்கும் கைப்பழக்கமும், இந்தச் செடிக்குள் என்ன நடக்கிறது என்ற கேள்வியும் இருந்தன. பின்னாளில் ஒளிர்வு நுண்ணோக்கி வந்தபோது அதே கேள்வி இன்னும் ஆழமானது. இனிப்புக் கரும்பின் குரோமோசோம்களுக்கு ஒரு நிறம், காட்டுக் கரும்பின் குரோமோசோம்களுக்கு வேறு நிறம் என்று ஒளிரவைத்துப் பார்த்தார்கள். இன்றைய ரகங்களில் பெரும்பகுதி இனிப்புக் கரும்பிலிருந்து வந்திருப்பதும், சிறு பகுதி காட்டுக் கரும்பிலிருந்து வந்திருப்பதும், சில குரோமோசோம்களில் இரண்டும் கலந்திருப்பதும் கண்ணுக்குத் தெரிந்தன. எண்ணத் தெரிந்தவர்கள் ஏற்கெனவே இருந்ததால்தான் புதிய கருவி வந்ததும் பலன் கொடுத்தது.

இன்னொரு சான்று. 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ், ஹுசைன் கான் என்ற மலேரியா நோயாளியைக் கடித்த கொசுவின் இரைப்பையில் மலேரியாக் கிருமியின் வளர்நிலையைக் கண்டார். அப்போது அவருடைய மைக்ராஸ்கோப்பின் திருகுகள் வியர்வையில் துருப்பிடித்திருந்தன. கண்ணருகு லென்ஸ் விரிசல் விட்டிருந்தது. 1902-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பழுதான கருவி போதும் என்பதல்ல இதன் பொருள். ஆயிரக்கணக்கான மணி நேரம் பார்த்துப் பழகிய கண் அவருக்கு இருந்தது என்பதை மனத்தில் வைக்க வேண்டும்.

5. எந்தக் கேள்விக்கு எந்தக் கருவி?

நம் மாவட்டம் முட்டைக்கும் கோழிக்கும் பெயர் பெற்றது. 1985-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும் நாமக்கல்லில் இருக்கிறது. இங்கு எழும் சில கேள்விகளையே எடுத்துக்கொள்வோம்.

கோழிக்கு ரத்தக் கழிச்சல் கண்டால், எச்சத்தில் அந்தக் கிருமியின் முட்டை போன்ற உறைகள் இருக்கும். அவை 20 மைக்ரான் அளவில் இருப்பதால் சாதாரண மாணவர் மைக்ராஸ்கோப்பே போதும்.

கரும்பில் செவ்வழுகல் நோய் வந்தால், பிளந்த கழியில் சிவப்பும் நடுநடுவே வெள்ளைத் திட்டும் தெரியும், புளித்த வாடை வரும். அந்தப் பூஞ்சையின் அரிவாள் வடிவ வித்துகளைக் காணவும் சாதாரணக் கருவி போதும்.

சளியில் காசநோய்க் கிருமியைத் தேட ஒளிர்வு நுண்ணோக்கி கூடுதல் பலன் தரும். எல்.இ.டி. விளக்கு பொருத்திய ஒளிர்வுக் கருவியை 2011-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. கிருமி ஒளிர்வதால் குறைந்த உருப்பெருக்கத்திலேயே அகலமான பரப்பை விரைவாகத் தேடிவிடலாம்.

நாய்க்கு வெறிநோய் இருந்ததா என்று அது இறந்தபின் மூளைத் திசுவில் உறுதிசெய்யும் முதன்மையான சோதனையும் ஒளிர்வு நுண்ணோக்கியில்தான் நடக்கிறது.

ஒரு மருந்து செல்லுக்குள் எந்த இடத்தில் போய்ச் சேருகிறது, குடலின் சுவரில் கிருமிப் படலம் எவ்வளவு ஆழம் ஊடுருவியிருக்கிறது என்பன போன்ற கேள்விகளுக்கு முப்பரிமாணப் படம் வேண்டும். அங்கேதான் கான்ஃபோகல் தேவைப்படும்.

கேள்வி எது என்று தெரியாமல் விலை உயர்ந்ததே நல்லது என்று வாங்கினால், முதல் இரண்டு வேலைகளுக்கே கோடி ரூபாய்க் கருவியை ஓட்டிக்கொண்டிருப்போம். இளநிலை மாணவர்கள் நிறையப் பேர் உள்ள கல்லூரிக்கு, ஒரே ஒரு பெரிய கருவியைவிட ஆளுக்கொரு நல்ல சாதாரண மைக்ராஸ்கோப் கிடைப்பது மேல். ஒருவர் பார்க்க இருபது பேர் வரிசையில் நின்று எட்டிப்பார்த்து விட்டுப் போனால், திருகைத் திருப்பிப் படத்தைத் தெளிவாக்கும் பழக்கம் யாருக்கும் வராது.

6. வாங்குவதற்கு முன் கேட்க வேண்டியவை

பல்கலைக்கழகத் துறைகள் ஆய்வுக் கருவி வாங்க மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் ஃபிஸ்ட் திட்டம் 2000-ஆம் ஆண்டு முதல் உதவி வருகிறது. இளநிலைக் கல்லூரிகளின் ஆய்வகங்களை மேம்படுத்த உயிர்த் தொழில்நுட்பத் துறையின் ஸ்டார் கல்லூரித் திட்டம் உண்டு. விண்ணப்பம் எழுதுவதற்கு முன்பே கீழ்க்கண்டவற்றுக்கு விடை வேண்டும். நன்கொடை தருவோரும் இவற்றையே கேட்கலாம்.

இடம்: லாரி போகும் சாலையோரத்து மாடி அறை வேண்டாம். அதிர்வு படத்தைக் கெடுக்கும். தரைத்தளத்தில் இருட்டாக்கக்கூடிய, தூசி வராத, குளிரூட்டிய அறை நல்லது. நம் ஊர் ஈரப்பதத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். ஒருமுறை ஆழமாகப் பிடித்துவிட்டால் அந்த லென்ஸ் பழைய தெளிவைத் தராமல் போகலாம். விடுமுறைக் காலத்திலும் அறையின் ஈரம் குறைவாக இருக்க ஏற்பாடு வேண்டும்.

மின்சாரம்: மின்தடையில் லேசரும் கணினியும் திடீரென அணைந்தால் பழுது வரும். யு.பி.எஸ். செலவையும் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.

பராமரிப்பு: உத்தரவாதக் காலம் முடிந்த பிறகு ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு எவ்வளவு என்று வாங்கும்போதே எழுத்தில் பெற வேண்டும். அந்தப் பணம் எந்தக் கணக்கிலிருந்து வரும் என்றும் எழுதி வைக்க வேண்டும். பல கருவிகள் முடங்குவது இந்த இடத்தில்தான்.

ஆள்: கருவிக்கென்று பயிற்சி பெற்ற ஒருவர் நிரந்தரமாக இருக்க வேண்டும். ஆராய்ச்சி மாணவர் ஒருவரை நம்பி விட்டால், அவர் பட்டம் வாங்கிப் போகும்போது அறிவும் அவரோடு போய்விடும்.

சேமிப்பு: 1024-க்கு 1024 புள்ளிகள் கொண்ட ஒரு படம், ஒரு புள்ளிக்கு இரண்டு பைட் வீதம், சுமார் 2 எம்.பி. மூன்று நிறம், முப்பது படலம் என்றால் 180 எம்.பி. அதையே நூறு முறை எடுத்தால் 18 ஜி.பி. பென் டிரைவில் எடுத்துப் போய்விடலாம் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

பதிவேடு: யார், எப்போது, எத்தனை மணி நேரம், எதற்காகப் பார்த்தார்கள் என்ற பதிவேடு முதல் நாளிலிருந்து வேண்டும். வெளிக்கல்லூரி மாணவர்களுக்கு வாரத்தில் எந்த நாள் என்று அறிவிப்புப் பலகையில் இருக்க வேண்டும்.

7. ஒவ்வொரு கல்லூரியும் வாங்கித்தான் ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. பொதுப்பணத்தில் வாங்கிய ஆய்வுக் கருவிகள் எங்கே இருக்கின்றன, எப்படி முன்பதிவு செய்வது என்று காட்டும் ஐ-ஸ்டெம் என்ற இணையதளத்தை மத்திய அரசு 2020 ஜனவரியில் தொடங்கியது. மாணவர் தம் கல்லூரி வழியாக விண்ணப்பித்து, கட்டணம் செலுத்தி, வேறொரு நிறுவனத்தின் கருவியைப் பயன்படுத்தலாம். சென்னை ஐ.ஐ.டி.யில் வெளியாருக்கும் சேவை தரும் உயர்நிலைப் பகுப்பாய்வுக் கருவி மையம் நெடுங்காலமாக இருக்கிறது. பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் பெரிய நுண்ணோக்கிப் பிரிவு இயங்குகிறது, நுண்ணோக்கிப் பயிற்சி வகுப்புகளும் அங்கே நடக்கின்றன.

பிற நாடுகளிலும் இந்த வழி உண்டு. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் ஆப்பிரிக்க நுண்ணோக்கி முயற்சி என்ற மையம் இருக்கிறது. ஆப்பிரிக்க நாடுகளின் ஆய்வாளர்கள் தங்கள் கேள்வியை எழுதி விண்ணப்பிக்கிறார்கள். தேர்வானால் கருவிக்குக் கட்டணம் இல்லை, பயணமும் தங்குமிடமும்கூட ஏற்பாடு செய்து தரப்படுகின்றன. ஏழை ஆய்வாளரைத் தடுப்பது கருவிக் கட்டணம் மட்டுமல்ல, பஸ்ஸுக்கும் ரூமுக்கும் ஆகும் செலவும்தான் என்பதை அவர்கள் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

8. நம் பங்கு என்ன?

ஒரு ஜமாஅத்தோ, ஓர் அறக்கட்டளையோ கான்ஃபோகல் மைக்ராஸ்கோப் வாங்கித் தர முடியாது. அதைச் செய்ய அரசு இருக்கிறது. ஆனால் அந்தக் கருவிக்கும் நம் பிள்ளைக்கும் இடையில் உள்ள தூரத்தைக் குறைப்பது நம்மால் முடியும்.

கல்வி உதவி என்றால் கல்லூரிக் கட்டணம் என்று மட்டும் நாம் பழகிவிட்டோம். முதுநிலை மாணவி ஒருத்திக்குத் திட்டக்கட்டுரைக் காலத்தில்தான் உண்மையான நெருக்கடி வருகிறது. சிலைடு, சாயம், எதிர்ப்பொருள் வாங்க வேண்டும். கருவிக்கு மணிக்கணக்கில் கட்டணம் கட்ட வேண்டும். சென்னைக்கோ பெங்களூருக்கோ போய் இரண்டு நாள் தங்க வேண்டும், பாதுகாப்பான தங்குமிடம் வேண்டும், துணைக்கு ஒருவர் போக வேண்டும். இது முடியாத பிள்ளைகள், பார்க்காமலே எழுதக்கூடிய எளிய தலைப்புக்கு மாறிக்கொள்கிறார்கள். மதிப்பெண் வந்துவிடும். ஆனால் அடுத்த நேர்முகத் தேர்வில் “நீங்களே கையாண்ட கருவி எது?” என்று கேட்கும்போது பதில் இருக்காது. ஆய்வக வேலையும் முனைவர் பட்ட இடமும் பெரும்பாலும் இந்த ஒரு கேள்வியில்தான் கை நழுவுகின்றன.

ஆகவே கல்வி உதவி நிதியில் ஒரு சிறு பகுதியை ஆய்வகப் பயிற்சிக்கென்று தனியாக ஒதுக்குவது பற்றி யோசிக்கலாம். கேட்கும் மாணவர் மூன்று விஷயங்களை ஒரு பக்கத்தில் எழுதித் தரட்டும்: என் கேள்வி என்ன, அதற்கு எந்தக் கருவி வேண்டும், அது எங்கே இருக்கிறது. வழிகாட்டும் பேராசிரியரின் கையெழுத்தும் இருக்கட்டும். திரும்பி வந்ததும் எடுத்த படத்தைக் கொண்டுவந்து, பிளஸ் டூ படிக்கும் தம்பி தங்கைகளுக்கு அரை மணி நேரம் விளக்கிச் சொல்லட்டும்.

சிறு பிள்ளைகளுக்கும் வழி உண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மனு பிரகாஷ் குழுவினர் 2014-இல் வெளியிட்ட ஃபோல்ட்ஸ்கோப், தாளை மடித்துச் செய்யும் மைக்ராஸ்கோப். 140 மடங்கு பெரிதாக்கும். காவிரித் தண்ணீரின் ஒரு சொட்டில் நகரும் உயிர்களையும், வெங்காயத் தோலின் செல்களையும் அதில் காணலாம். பள்ளி வயதில் தானே கண்டுபிடித்துப் பார்த்த பிள்ளைக்குக் கல்லூரி ஆய்வகம் அச்சம் தராது.

வக்ஃப் சொத்தை விட்டுப்போன நம் முன்னோர் பலர், கட்டடத்தோடு நிற்காமல் அதன் விளக்குக்கும் பராமரிப்புக்கும் வருமானம் தரும் நிலத்தையும் சேர்த்து எழுதி வைத்தார்கள். கிணறு வெட்டியவர்கள் கயிறும் வாளியும் வைத்தார்கள். ஆய்வுக் கருவி விஷயத்திலும் அதே முன்யோசனைதான் வேண்டும்.

கலந்து பேசுவதற்குச் சில கேள்விகள்

1. உங்கள் கல்லூரி ஆய்வகத்தில் உள்ள லென்ஸ்களின் எண்களைக் குறித்து வாருங்கள். ஒவ்வொன்றின் பிரிதிறன் எவ்வளவு?

2. ஒரு பருவத்தில் நீங்களே திருகைத் திருப்பி எத்தனை சிலைடுகள் பார்த்தீர்கள்? அது போதுமா? ஆசிரியரிடம் கூடுதல் நேரம் எப்படிக் கேட்பது?

3. உங்கள் வீட்டு வயல், கோழிப்பண்ணை, ஆற்றுநீர் இவற்றில் மைக்ராஸ்கோப்பால் விடை காணக்கூடிய ஒரு கேள்வியை எழுதுங்கள். அதற்குச் சாதாரணக் கருவி போதுமா, ஒளிர்வுக் கருவி வேண்டுமா, கான்ஃபோகல் வேண்டுமா?

4. ஐ-ஸ்டெம் தளத்தைத் திறந்து, நம் ஊருக்கு மிக அருகில் அந்தக் கருவி எங்கே இருக்கிறது, மணிக்கு எவ்வளவு கட்டணம் என்று தேடிக் குறித்து வாருங்கள்.

5. பெற்றோருக்கு: ஆராய்ச்சிக்காக மகள் இரண்டு நாள் வெளியூர் போக வேண்டும் என்றால் நீங்கள் என்ன ஏற்பாடு எதிர்பார்ப்பீர்கள்? ஜமாஅத் அதில் எப்படி உதவலாம்?

நான்காவது கேள்விக்கான விடையை மாணவர்கள் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால், இன்ஷா அல்லாஹ், அவற்றைச் சேர்த்தாலே நம் வட்டாரத்துக்கான ஒரு கையேடு தயாராகிவிடும். அடுத்து வரும் மாணவர் எங்கே போவது, யாரைக் கேட்பது என்று தெரியாமல் தவிக்க வேண்டியிருக்காது.